சிறுநீரகத்து இரத்தக்குழாய்களும் சற்காரியவாதமும்

சைவப் பாடசாலைகளிலே ஆசிரியத் தொண்டு பூண்ட அன்பர்களே!

மானுடப்பிறவி பெறுதற்கரியது என்று நாம் நாடோறும் மாணாக்கருக்குச் சொல்லுகின்றோம். அவ்வருமையை அவர்கள் உணரும்படி சொல்லுகின்றோமா என்பதே ஐயம். மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலிலே, உயிரானது கருப்பாசயத்தில் மாதந்தோறும் தப்பிவரும் இடையூறுகளை நிரல்பட எடுத்து ஓதியருளினார். அதனைப் பாராயணஞ் செய்யும் நாம், அம்மாதங்களில் உள்ளே நிகழ்வது யாது என்று வினாவுவதில்லை. இக்காலத்து உடற்கூற்று நூலார் அதனை வினாவி, உருப்பெருக்காடியினாலும் பரிசோதனையினாலும் சிற்சில விடைகள் கண்டிருக்கின்றனர். அவற்றுள் ஒன்றை எடுத்து ஈண்டு ஆராய்வோம். அது, சிறுநீரகம் உருப்பெறுங் காலத்தில் அதனுள் இரத்தக்குழாய்கள் தோன்றும் முறையாம்.

மலசலங் கழிக்கும் உறுப்பைக் குறித்துச் சமயப் பத்திரிகையிற் பேசுதல் தகுமோ என்று சிலர் கூசுவர். கூச வேண்டுவதில்லை. அப்பர் சுவாமிகள் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரம். புல்லையும் குப்பையையும் நீக்கிய அப்படை இழிந்ததாயிற்றில்லை. அடியார் வணங்கும் அடையாளமாயிற்று. இரத்தத்தின் அழுக்கை இரவும் பகலும் நீக்கிநிற்கும் சிறுநீரகமும் இவ்வுடம்பாகிய ஆலயத்தின் உழவாரமேயாம்.

நம்மூரவர் குண்டிக்காய் என்று வழங்கும் இவ்வுறுப்பு மனிதர்க்கு இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் நிறையுடையது. இரண்டுஞ் சேர்ந்தும் உடம்பின் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவே. ஆயினும் இருதயம் வெளிவிடும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றினுள்ளே செல்லுகின்றது. நாளொன்றுக்கு 180 இலீற்றர் அளவான நீர் இங்கே வடிக்கப்படுகின்றது. அதில் ஒன்றரை இலீற்றர் அளவே சிறுநீராய்க் கழிய, எஞ்சியதெல்லாம் மீள உறிஞ்சப்பட்டு இரத்தத்தை அடைகின்றது.

இவ்வடித்தலைச் செய்வது கலன்கோளம். மயிர்க்குழாய்கள் பல நூற்பந்துபோலச் சுருண்டு, போமனின் உறை என்னும் கிண்ணத்தினுள் அமர்ந்திருத்தலே கலன்கோளம் எனப்படும். கிண்ணமும் பந்தும் அவற்றைத் தொடர்ந்து செல்லுஞ் சிறுகுழாயுங் கூடியது ஒரு சிறுநீரகத்தி. ஒரு சிறுநீரகத்திலே சராசரி 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள. ஆளுக்காள் இத்தொகை 2 இலட்சம் முதல் 20 இலட்சத்துக்கு மேலும் வேறுபடும்.

கிண்ணத்தை ஆக்கிய கலங்கள் வேறு. பந்தை ஆக்கிய கலங்கள் வேறு. கிண்ணம் இருக்குமிடந் தேடிப் பந்து வந்து அமர்ந்தது எவ்வாறு? ஒருமுறையன்று, பத்து இலட்சம் முறை அமர்ந்தது எவ்வாறு? இதுவே வினா.

கரு உண்டாகிய ஐந்தாம் வாரத்திலே, சிசுவின் அடிவயிற்றின் பின்புறத்தில், அதற்கு முன் தோன்றிய தற்காலிகச் சிறுநீரகத்தின் கானிலிருந்து ஓர் அரும்பு கிளைக்கின்றது. அதன் அருகிலே உருப்பெறாத கலத்திரள் ஒன்று இருக்கின்றது. திரள் ஒரு பொருளைச் சுரந்து அரும்பைத் தன்பால் அழைக்கின்றது. அரும்பு உட்புகுந்து கிளைவிட்டு, ஒவ்வொரு கிளைநுனியிலும் திரளைத் தூண்டிச் சிறுநீரகத்திகளாக மாறச் செய்கின்றது. அரும்பு வாராதாயின் திரள் மடியும். திரள் இல்லையாயின் அரும்பு கிளையாது.

ஆறாம் வாரந் தொடங்கி ஒன்பதாம் வாரமளவில், இடுப்பினுள் இருந்த சிறுநீரகம் மேலேறித் தன் நிலையான இடத்தை அடைகின்றது. ஏறுந்தோறும் பெருநாடியினின்று புதிய கிளைகளைப் பெற்றுப் பழைய கிளைகளைத் துறக்கின்றது என்பர். சிலரிடத்திற் பழைய கிளை அழியாது நின்றுவிடுதலால், ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று நாடிகள் காணப்படுதலும் உண்டு.

இனிப் பந்து அமையும் முறையைக் கூறுவோம். சிறுநீரகத்தியாக மாறுங் கலத்திரள், பாம்பு இருமுறை வளைந்து கிடந்தாற்போன்ற உருவம் பெறுகின்றது. அதன் கீழ்வளைவிலே ஒரு பிளவு உண்டு. பிளவின் ஓரத்துக் கலங்கள் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனை ஏற்கும் வாங்கிகளைத் தம்மேலுடைய குழாய்க் கலங்கள் அச்சுரப்பு மிகுந்த திசையை நாடி ஊர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிளவினுட் புகுகின்றன. முதலிலே துவாரமற்ற இழையாய் நின்று, பின்னர் உட்டுளை பெற்று, ஒற்றை வளையமாகின்றன. அழைக்கப்பட்டு வந்த இக்கலங்கள் வாளா இருப்பதில்லை. தாமும் வேறொரு பொருளைச் சுரந்து தாங்குகலங்களை அழைக்கின்றன. தாங்குகலங்கள் வந்து இடையிற் புகவே, ஒற்றை வளையம் பல வளையங்களாய்ப் பிரிந்து பந்தாகின்றது. அவ்விரண்டாம் அழைப்பு இல்லாத எலிகளிலே, பந்து அமையாது ஒரே வளையம் ஊதிப் பெருத்து நிற்றலைக் கண்டனர். இரத்தத்தை வடிக்கும் மென்சவ்வையோ கிண்ணத்துக் கலங்களும் குழாய்க் கலங்களும் இருபுறத்தும் நின்று நெய்கின்றன. இரண்டு நெசவும் ஒன்றாய்க் கலந்து ஒரு துணியாகின்றது.

அழைப்புக்கு அளவும் உண்டு. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, கிண்ணத்துக் கலங்கள் அவ்வளர்ச்சிக் காரணியைச் சுரவாதபடி எலிகளின் பரம்பரையலகை மாற்றினர். முற்றும் சுரவாத எலிகள் பிறந்தவுடன் இறந்தன. பாதியளவு சுரந்தவை பிறந்து சில வாரங்களிற் சிறுநீரகம் பழுதுற்று மாண்டன. மிகுதியாகச் சுரந்தவற்றின் கலன்கோளங்களும் சுருங்கிச் சிதைந்தன. குறையினும் கேடு, மிகினும் கேடு.

இன்னும் ஒன்று அறியற்பாலது. கருவிலிருக்குஞ் சிசுவின் கழிவை நீக்குவது தாயின் சூல்வித்தகம். ஆதலின் அழுக்கு நீக்குதற்பொருட்டுச் சிசுவுக்குச் சிறுநீரகம் அப்பொழுது வேண்டுவதில்லை. ஆயினும் பத்தாம் வாரமளவிலே அது நீர் சுரக்கத் தொடங்கிவிடுகின்றது. அந்நீர் சிசுவைச் சூழ்ந்த பனிக்குடத்தை நிரப்புகின்றது. பனிக்குட நீர் குறையின் சிசுவின் நுரையீரல் செவ்வனே வளராது. பிற்காலத் தொழிலுக்காக அமையும் உறுப்பு, அத்தொழில் வருமுன்னரே பிறிதோர் உறுப்புக்கு உதவிநிற்றல் காண்க.

இனி, அவ்வழைப்புக்கு இணங்கி வந்த குழாய்க் கலங்கள் எங்கிருந்து வந்தன? வெளியிலிருந்து சிறுநீரகத்தினுட் புகுந்தனவா? சிறுநீரகத்தினுள்ளேயே முன்னிருந்தனவா? இவ்வினாவின் வரலாறு ஆசிரியர்களாகிய நமக்குப் பெரிதும் பயன்படுவது.

எலியின் கருச்சிறுநீரகத்தை எடுத்துக் கண்ணாடித் தட்டிலே போசணை கொடுத்து வளர்த்தனர். சிறுகுழாய்கள் தோன்றின, இரத்தக்குழாய்கள் தோன்றவில்லை. பின்னர் 1982 ஆம் ஆண்டளவிலே பின்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர், எலியின் கருச்சிறுநீரகத்தைக் காடைமுட்டையினுள்ளே குருதி மிகுந்த சவ்வொன்றின்மேல் ஒட்டி வளர்த்தனர். காடையின் கலத்தை எலியின் கலத்தினின்றும் உருப்பெருக்காடியிலே பிரித்தறியலாம். பார்த்தவிடத்துக் கலன்கோளத்தினுட் புகுந்த குழாய்கள் காடையினுடையவாயிருந்தன. ஆகவே சிறுநீரகத்தினுள்ளே குழாய்க்கு வித்து இல்லை, அனைத்தும் புறத்தேயிருந்து வருவனவே என்னுங் கொள்கை வலுப்பெற்றது.

அம்முடிபு நெடுங்காலம் முழுமையாய் நிற்கவில்லை. 1996 ஆம் ஆண்டிலே அமெரிக்க தேசத்து ஆராய்ச்சியாளர் எலியின் கருச்சிறுநீரகத்தை மற்றோர் எலியின் கண்ணின் முன்னறையிலே வைத்து வளர்த்தனர். அங்கே கலன்கோளத்திற் காணப்பட்ட குழாய்க் கலங்கள் பெரும்பாலும் ஒட்டப்பட்ட சிறுநீரகத்தினுடையனவாயிருந்தன. உள்ளே வித்து இருந்தது. அங்ஙனமாயின் கண்ணாடித் தட்டிலே அது முளையாதது என்னை? 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. நாம் சுவாசிக்குங் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு. கருப்பாசயத்திலோ அது மிகக் குறைவு. தட்டிலே 20 பங்கு ஒட்சிசன் கொடுத்தபோது குழாய்கள் தோன்றவில்லை. 5 பங்காகக் குறைத்தபோது தோன்றின. ஒட்சிசன் குறைந்தவிடத்துக் கலங்கள் வளர்ச்சிக் காரணியை மிகுதியாகச் சுரந்தன. அக்காரணியைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தபோது, குறைந்த ஒட்சிசனிலும் குழாய்கள் தோன்றவில்லை. இக்காலத்து அறிஞர், புறத்தேயிருந்து கிளைத்து வருவனவும் அகத்தே தோன்றுவனவுமாகிய இரண்டும் உண்டு என்பர்.

அன்பர்களே, முதலில் வந்த பிழை யாது? தட்டிலே குழாய் தோன்றாதது மெய். காடையின் குழாய் உட்புகுந்ததும் மெய். கண்டதிற் பிழையில்லை. தோன்றவில்லை என்பதிலிருந்து இல்லை என்று துணிந்ததே பிழை. தக்க நிலையைக் கொடாமலே வித்தில்லை என்று தீர்ப்புக் கூறியதாயிற்று.

நம் சித்தாந்தம் இப்பிழையை அறிந்து விலக்கியிருக்கின்றது. முழுதும் இல்லாத பொருள் ஒருகாலும் உளதாகாது. காரியம் காரணத்தினுள்ளே சூக்குமமாய் இருந்தே பின் தூலமாய் வெளிப்படும் என்பது சற்காரியவாதம். வித்தினுள் மரம் இருக்கின்றது. ஆயினும் மண்ணும் நீரும் வெயிலும் இன்றி அது வெளிப்படாது. உள்ளது என்பதும் வேண்டும். உள்ளதை வெளிப்படுத்துந் துணையும் வேண்டும். ஒன்றை மாத்திரம் பற்றி மற்றதை மறுப்பவர் பாதி உண்மையே கண்டவராவர்.

இவ்விடத்திலே ஆசிரியர்களுக்குச் சில எச்சரிக்கைகள் கூறுதல் கடனாகும். இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைப் பற்றி ஆகமங்கள் முன்னரே கூறிவிட்டன என்று வகுப்பிற் சொல்லாதீர்கள். அது பொய். பொய்யைத் தூணாக நிறுத்திச் சமயமாளிகை கட்டின், தூண் சரியும் நாளிலே மாளிகையும் சரியும். மாணாக்கன் வளர்ந்து உண்மையை அறியும்போது, நாம் சொன்ன பொய்யோடு மெய்யையுஞ் சேர்த்து எறிந்துவிடுவான். மேலே கூறிய பரிசோதனைகள் சற்காரியவாதத்துக்குத் திருட்டாந்தமாகுமேயன்றிப் பிரமாணமாகா. பிரமாணம் வேறு, திருட்டாந்தம் வேறு என்பதை மாணாக்கருக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

அற்றேல், கலந் தானே அழைக்கின்றது. குழாய் தானே வருகின்றது. இதிலே கடவுளுக்கு வேலை யாது என்று புத்திமானாகிய ஒரு மாணாக்கன் வினாவுவானெனின், அவனைச் சினவாதீர்கள். அது நல்ல வினா. அவனுக்கு இவ்வாறு கூறுக. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சக்கரஞ் சுழலும் முறையை ஒருவன் நுணுகி அறிந்தான். அதனாலே குயவனை அவன் மறுத்தவனுமல்லன், நிறுவினவனுமல்லன். சக்கரத்தை அறிந்தான், அவ்வளவே. அக்கலமும் அது சுரக்கும் பொருளும் மாயையின் காரியங்கள், சடங்கள். அவை ஒன்றையொன்று தூண்டும் ஒழுங்கை ஆராய்தல் உடற்கூற்று நூலார் தொழில். சடத்துக்கு ஒழுங்கு அமைந்தது எதனால், இவ்வுடம்பு எவ்வுயிரின்பொருட்டு, இதனாற் பெறும் பயன் யாது என ஆராய்தல் சித்தாந்தத்தின் தொழில். நூலார் அறியாத இடத்தை மாத்திரம் காட்டி, இங்கேதான் கடவுள் இருக்கின்றார் என்று சொல்லுதலுங் கூடாது. அறியாமை நாளுக்குநாள் குறையும். அறியாமையின் இருட்டிலே கடவுளை வைப்பவர் அவரைச் சிறிது சிறிதாகத் துரத்துபவராவர். அறிந்த இடத்திலும் அறியாத இடத்திலும் ஒப்ப நிறைந்தவரே நம் முழுமுதல்.

இனி இத்திருட்டாந்தத்தை நம் தொழில்மேற் பொருத்திப் பார்ப்போம். ஆன்மா அறிவுடைப் பொருள் என்பது நம் துணிபு. ஆயினும் அது தானே அறியமாட்டாது, அறிவிக்க அறியும். ஆணவமலம் அதன் அறிவை மறைத்து நிற்கின்றது, இல்லையாக்கவில்லை. திருவருள் தனு கரண புவன போகங்களைக் கொடுத்து அவ்வறிவைச் சிறிது சிறிதாக விளக்குகின்றது. அத்திருவருளின் கருவிகளுள் ஆசிரியரும் ஒருவர். இதனை வாயால் ஒப்புக்கொள்ளும் நாம் வகுப்பறையிலே நடப்பது எப்படி? பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையைச் சுட்டி, இவனுக்கு ஒன்றும் ஏறாது, இவன் மண்டையில் ஒன்றுமில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்! அப்பிள்ளையிடத்துக் கணிதம் தோன்றவில்லை என்பது மெய்யாயிருக்கலாம். தோன்றுதற்குரிய நிலையை நாம் கொடுத்தோமா? காலையில் அவன் உண்டானா? கண் தெளிவாய்த் தெரிகின்றதா? அவனுக்கு விளங்கும் மொழியிற் பேசினோமா? இவற்றை ஆராயாது இல்லை என்று கூறுவோமாயின், நாமும் கண்ணாடித் தட்டைப் பார்த்துத் தீர்ப்புக் கூறியவரே ஆவோம். அவர்கள் கூறியது ஒரு கலத்தைக் குறித்து. அடுத்த பரிசோதனையாலே திருத்திக்கொண்டார்கள். நாம் கூறுவது சிவபெருமானுக்கு அடிமையாகிய ஓருயிரைக் குறித்து. ஆசிரியர் வாக்கைப் பிள்ளை நம்பிவிடுகின்றான். அதனைத் திருத்துபவர் யார்?

ஒட்சிசன் குறைந்தபோதன்றோ குழாய் தோன்றிற்று. அங்ஙனமாயிற் பிள்ளைகளை வறுமையில் வைத்தல் நன்றோ எனின், அன்று. கருவுக்குத் தக்க அளவு அதுவாதலின் அஃது உதவிற்று. வளர்ந்த எலிக்கு ஏற்ற காற்று கருவுக்கு ஏற்றதன்று, அவ்வளவே பொருள். வல்ல மாணாக்கனுக்கு ஏற்ற பாடம் மெல்ல மாணாக்கனுக்கு மிகையாய் நின்று மூச்சடைக்கும். வினாவுமுன் விடையைக் கொட்டிவிட்டால் வினாவே பிறவாது. பசியறிந்து ஊட்டுதல் தாயின் முறை. வினாவறிந்து விடைகூறுதல் ஆசிரியர் முறை.

இன்னுமொன்று வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கின்றது. சிறுநீரகத்திகள் கருவின் 36 ஆம் வாரமளவிலே அமைந்து முடிகின்றன. அதன்பின் ஒன்றேனும் புதிதாய்த் தோன்றுவதில்லை. நிறைகுறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் காலத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் இவற்றின் தொகை குறைந்திருத்தல் உண்டு. அங்ஙனம் குறைந்தவர்க்குப் பிற்காலத்தில் இரத்தவழுத்தமும் சிறுநீரக நோயும் வருதற்கு ஏது மிகுதி என்று 1988 ஆம் ஆண்டுமுதல் மருத்துவ நூலார் வற்புறுத்தி வருகின்றனர். அத்தகைய பிள்ளையைக் கண்டு, அவன் வினைப்பயன் என்று சொல்லி அப்பாற் போவாரும் நம்மவருள் உளர். கன்மக் கொள்கை பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்றற்கு அருளப்பட்டதன்று. துன்பம் அவன் வினையாயின், அதனை நாம் காணும்படி நேர்ந்ததும் உதவும் வாய்ப்பு வந்ததும் நம் வினையல்லவோ? உதவாது ஒழிதல் புதுவினையாகும். ஆதலின் கருவுற்ற தாய்மார் நல்லுணவும் ஓய்வும் பெறவும், காலந்தோறும் வைத்தியரிடத்தில் இரத்தவழுத்தம் அளப்பிக்கவும் ஊரவர்க்கு எடுத்துரையுங்கள். கருவுற்றார்க்கு வரும் இரத்தவழுத்த நோயிலே, சூல்வித்தகத்தினின்று மிகுதியாய்க் கலக்கும் ஒரு பொருள் முற்கூறிய வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொள்ளுதலால், தாயின் கலன்கோளங்களே பழுதுறுகின்றன. தாயைப் பேணுதல் இரண்டு உயிரைப் பேணுதலாம். இதுவும் சிவதொண்டே.

சிறுநீரகத்துக்கு 36 வாரம் என்னும் எல்லை உண்டு. ஆன்மாவின் அறிவு விளங்குதற்கு அத்தகைய எல்லை இல்லை. பிறவிதோறும் காத்திருந்து, தக்க நிலையைத் தந்து தந்து, அவ்வறிவை விளக்கும் பேரருளாளன் ஒருவன் உளன். பிறவிகள் பலவற்றிலும் சலியாத அவனுக்குத் தொண்டராகிய நாம், ஒரு தவணைக்குள்ளே சலித்துப்போதல் முறையன்று. நாளைக் காலையிலே வகுப்பினுட் புகும்போது, நாம் முன்னர் இல்லை என்று தள்ளிய பிள்ளை ஒருவனை நினைத்துக்கொள்வோம். அவனருகிற் சென்று, இன்னும் ஒருமுறை, வேறொரு வகையாகச் சொல்லிப் பார்ப்போம். உள்ளது தோன்றும்.

அதற்கு வேண்டிய பொறுமையை எல்லாம்வல்ல சிவபெருமான் நமக்கு அருளிச்செய்க.

திருச்சிற்றம்பலம்.